ஆம்பூர் பந்தியும் ஞாயிற்றுக்கிழமை ஊசியும்

கூட வேலை செய்யும் பாய் போன நவம்பரில் தன் மகள் கல்யாணத்துக்கு ஆம்பூருக்குக் கூப்பிட்டிருந்தார். ராணிப்பேட்டையில் ஒரே தோல் கம்பெனியில் பதினேழு வருஷமாக எதிரெதிர் மேசை எங்களுக்கு. போகாமல் இருக்க முடியாது, போய்ச் சாப்பிடாமல் எழுந்து வரவும் முடியாது. சீரக சம்பா, ஆட்டுக்கறி, பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். தேக்சாவைத் திறந்ததும் வாசனை செருப்பு விடுகிற இடம் வரைக்கும் வந்தது. எனக்கு ஐந்தாவது வாயிலேயே போதும் என்று ஆகிவிட்டது.

நாற்பத்தொன்பது வயசு வரை பந்தியில் எனக்குப் போதும் என்று தோன்றியதே கிடையாது. தட்டு காலியானால் கை நிற்கும், அவ்வளவுதான். பாய் பதறிப்போய் வந்தார்.

"இன்னா சார், கறி வேகலயா?"

"பஞ்சு மாதிரி வெந்திருக்கு பாய். ஊசி போட்டுக்கினு இருக்கேன், அதான்."

"சுகர் ஊசி போட்டா பசி ஜாஸ்தி ஆவும்னு எங்க அண்ணன் சொல்லுவாரே?"

அவர் அண்ணன் சொன்னதும் சரிதான். இன்சுலின் போட்டால் பலருக்கு எடை ஏறும். இது சர்க்கரையோடு எடையையும் குறைக்கிற வேறு ஊசி. பந்தியில் உட்கார்ந்து அதை விளக்க முடியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்று வரை ஆபீசில் ஆறேழு பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. எந்த மருந்து நல்லாக் குறைக்கும்?

நான் டாக்டர் இல்லை, கணக்குப் பிரிவில் இருப்பவன். ஆனால் எங்கள் குடும்பத்தில் இருபது வருஷமாக யாராவது ஒருவர் எடைக்கு ஏதாவது ஒரு மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் என் அளவு. 2023-ல் எடை 98 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த கணக்கு, 34.7. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, எச்பிஏ1சி என்பார்களே அது, 7.9. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று இங்குள்ள டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது 25-ம் 30-ம். ஏன் நமக்கு மட்டும் கறார் என்று கேட்டால், 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைச் சொல்லலாம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3 தான். வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாள் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரிகிற ஆளுக்கே இந்தக் கதி. என்னைப் போல முன்னால் வந்த வயிறு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனக்கு 112.

நான் முதலில் தொட்ட மருந்து ஆர்லிஸ்டாட். 2009. சாப்பாட்டோடு ஒரு கேப்சூல், ஒரு நாளைக்கு மூன்று, ஒவ்வொன்றும் 120 மில்லிகிராம். இது ரத்தத்தில் போய் எதுவும் செய்வதில்லை, மூளைக்கும் போவதில்லை. குடலில் கொழுப்பை உடைக்கிற நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய முப்பது சதவீதம் உடம்பில் சேராமல் வெளியே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி வெளியே போகும் என்பதில்தான் விஷயம்.

அந்த வருஷமும் ஒரு ஆம்பூர் பிரியாணி. மாத்திரை இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டு தட்டு. வேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி வீடு வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று. வெளிர் நிற பேன்ட் வேறு. எண்ணெய் எண்ணெயாகவே வரும், அடக்கவும் முடியாது. அன்றைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்கினேன், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு.

இந்த மருந்து ஒரு வாத்தியார் மாதிரி. தப்பு செய்கிற வரை சும்மா இருக்கும், செய்தால் நாலு பேர் முன்னால் அடிக்கும். அம்மா கையால் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்ட நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. களியில் தடுப்பதற்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது? சரி, அப்படியே களியே சாப்பிட்டால் கேப்சூல் எதற்கு என்று நான்காவது மாதம் நிறுத்திவிட்டேன். ஸ்வீடனில் நான்கு வருஷம் நடந்த பெரிய ஆய்வில் ஆர்லிஸ்டாட் சாப்பிட்டவர்கள் சராசரி 5.8 கிலோ குறைந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 3 கிலோ. நிகர லாபம் மூன்று கிலோவுக்கும் கீழே. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து போய்விடும் என்பதால் ராத்திரி தனியாக ஒரு வைட்டமின் மாத்திரை வேறு.

அதே சமயத்தில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வேறொன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிபுட்ரமின். அது மூளையில் வேலை செய்து பசியை அமுக்கும், கூடவே நாடித் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். மாமாவுக்கு ஆறு கிலோ குறைந்தது, தூக்கமும் குறைந்தது. குடியாத்தத்தில் ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைக் கைவிட்டன, இதய நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று ஆய்வில் தெரிந்ததால். அடுத்த வருஷம் இந்தியாவும் தடை செய்தது.

எடை குறைக்கும் மருந்துகளின் சரித்திரத்தைப் புரட்டினால் இப்படிக் கல்லறைகளாகவே வரும். ஃபென்ஃப்ளுரமின் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் போனது. ரிமோனபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவருகிறது என்று 2008-ல் ஐரோப்பாவில் நின்றது. லோர்கசெரின் புற்றுநோய்ச் சந்தேகத்தில் 2020-ல் போனது. ஒவ்வொன்றும் வந்தபோது அதிசய மருந்து என்றுதான் வந்தது. இப்போதைய ஊசிகளைப் பற்றி யாராவது அதிசயம் என்றால் எனக்குக் காது கொஞ்சம் கூசுவது அதனால்தான். மெட்ஃபார்மினை எடை மாத்திரை என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு கிலோ குறைந்தால் அதிகம். அது சர்க்கரை மாத்திரை, அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

இனி புதிய வகை. நாம் சாப்பிட்டதும் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினை விடச் சொல்லும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளைக்கு வயிறு நிறைந்தது என்று சேதி அனுப்பும். இயற்கையில் அதற்கு ஆயுள் இரண்டு நிமிஷம்தான், உடனே உடைந்துபோகும். அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் விஷத்தில் இதே மாதிரி வேலை செய்து, ஆனால் சீக்கிரம் உடையாத ஒரு பொருளை 1990-களின் தொடக்கத்தில் டாக்டர் ஜான் எங் கண்டுபிடித்தார். அதிலிருந்து எக்ஸனடைட் என்ற சர்க்கரை ஊசி 2005-ல் வந்தது. உடும்புக் கறி தின்றால் இடுப்பு உறுதியாகும் என்று சொன்ன எங்கள் தாத்தா இதைக் கேட்டிருந்தால் பார்த்தியா என்றிருப்பார். இப்போது எல்லோரும் பேசுகிற செமாக்ளுடைட் என்ற மருந்து பல்லியிடமிருந்து வந்ததில்லை. மனித ஹார்மோனையே கொஞ்சம் மாற்றி, கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றைக் கட்டி, ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. அதனால் இரண்டு நிமிஷம் ஒரு வாரமாக நீண்டது.

நான் அதை மாத்திரையாகத்தான் ஆரம்பித்தேன், 2023-ல், சர்க்கரைக்காக. தினம் காலையில் வெறும் வயிறு, அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது, அப்புறம் முப்பது நிமிஷம் பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது. ஐந்தரை மணிக்கு அம்மா காபி கலந்துவிடுவாள். அந்த அரை மணி நேரம் காபியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவ்வளவு கறார் எதற்கு என்றால், விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்கு கூட ரத்தத்தில் சேர்வதில்லை. தினம் 14 மில்லிகிராம் என்றால் வாரத்துக்கு 98 விழுங்குகிறோம். ஊசியில் அப்போது முழு அளவே வாரத்துக்கு 2.4 தான் இருந்தது. காபியை முன்னால் குடித்தால் சேரும் துளியும் சேராது. பத்து மாதத்தில் 94-க்கு வந்தேன், அங்கேயே நின்றேன், பிறகு 95.

2025 மார்ச்சில் டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி, மவுஞ்சாரோ என்ற பெயரில், இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் செமாக்ளுடைட் எடைக்கான ஊசியாக, வெகோவி என்ற பெயரில். அக்காவும் நானும் ஒரே மாதம் காட்பாடியில் ஒரே டாக்டரிடம் போனோம். அவர் அக்காவுக்குச் செமாக்ளுடைட்டும் எனக்கு டிர்செபடைட்டும் எழுதினார். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "உனக்கு மட்டும் நல்லதை எழுதிக் குடுத்துட்டாரா?"

நம்பர் மட்டும் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். சர்க்கரை இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகளில் செமாக்ளுடைட் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்செபடைட் 72 வாரத்தில் 5 மில்லிகிராமுக்கு 15, 15 மில்லிகிராமுக்கு 20.9. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2025 மே மாதம் வந்தது. டிர்செபடைட்டுக்கு 20.2, செமாக்ளுடைட்டுக்கு 13.7. டிர்செபடைட் ஜிஎல்பி-1 கதவோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் கதவையும் தட்டுவதால் இந்த வித்தியாசம் என்கிறார்கள். இவற்றுக்கு முன்னால் வந்த லிராக்ளுடைட் தினமும் குத்திக்கொண்டால் 8 சதவீதம்.

ஆனால் அக்காவுக்கு மூன்று வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. சர்க்கரை கிடையாது. சரியாக அவளை மாதிரி ஆட்கள் 17,604 பேரை வைத்து செமாக்ளுடைட்டுக்கு ஒரு ஆய்வு நடந்தது. இதய நோய் உண்டு, எடை அதிகம், சர்க்கரை இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. 2023-ல் முடிவு வந்தது. டாக்டர் அவளுக்காகப் பார்த்தது அந்த நம்பரை. அவளுக்கு ஆறு கிலோ கூடுதலாகக் குறைவதைவிட இது பெரிசு. எனக்குச் சர்க்கரை முக்கியம், டிர்செபடைட் அதில் பலமானது. இன்னொன்றையும் அவர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்: சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்லா மருந்திலும் குறைவது கம்மியாகத்தான் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில் செமாக்ளுடைட் 9.6, டிர்செபடைட் அதிக அளவில் 14.7. பக்கத்து வீட்டுக்காரர் இருபது கிலோ குறைந்தார், எனக்கு ஏன் இல்லை என்று மருந்தைத் திட்டக் கூடாது என்பதற்காகவே சொன்னாராம்.

ஊசி போடுவது ஒன்றும் இல்லை, வயிற்றில் எறும்பு கடித்த மாதிரி. கஷ்டம் ஃபிரிட்ஜில்தான். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் 30 டிகிரிக்குள் 21 நாள் தாங்கும் என்று போட்டிருக்கிறது. சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கிற என் வீட்டில், அக்னி நட்சத்திரத்தில், 30 டிகிரி எந்த மூலையில் கிடைக்கும்? கரண்ட் போனால் ஃபிரிட்ஜை யாரும் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். மாவு எடுக்க வேண்டும், தோசைக்கு யார் பதில் சொல்வது என்று அம்மா சட்டத்தை மீறினாள்.

இந்த ஊசி செய்கிற வேலை எனக்கு முதல் மாதம் புரியவில்லை. பசி குறையும் என்று எதிர்பார்த்தேன். நின்றது வேறொன்று. காலை பத்து மணிக்கு மத்தியானம் என்ன என்று மனசு கேட்கும், நாலு மணிக்கு டீக்கடை பஜ்ஜியை நினைக்கும், ராத்திரி படுத்த பிறகு டப்பாவில் மீதி இருக்கிற ஆற்காடு மக்கன் பேடாவின் எண்ணிக்கை தெரியும். நாற்பது வருஷமாகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த அந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்டார்கள். ஆபீசில் பேடா டப்பா சுற்றி வந்தது, ஒன்று எடுத்தேன், பாதி தின்றேன், மீதியை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மறந்துபோனேன்! சாயங்காலம் அதன் மேல் எறும்பு ஊர்வதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அப்படியென்றால் மற்றவர்களெல்லாம் இப்படித்தான் இருந்தார்களா? இதைத்தான் மன உறுதி என்று சொல்லி என்னைத் திட்டினார்களா?

கூடவே வந்தவையும் உண்டு. மலச்சிக்கல், அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம். அக்காவுக்கு 1 மில்லிகிராமுக்கு ஏற்றியதும் விடாமல் வாந்தி, டாக்டர் 0.5-க்கே இறக்கி அங்கேயே வைத்திருக்கிறார். எனக்கு இரண்டாவது மாதம் ஒருநாள் பதினொன்றரை மணிக்கு ஆபீசில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை 58. கிளிமிப்ரைடு என்ற என் பழைய சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், நான் பழைய ஞாபகத்தில் முழுசாகவே விழுங்கிக்கொண்டிருந்தேன். பாய் ஓடிப்போய் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொண்டுவந்தார். வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் வரலாம், கணையம் வீங்கியவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம், தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் தொடவே கூடாது. இதெல்லாம் கேட்காமலே ஒரு மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி கொடுக்கிறார்கள் என்று ஆபீஸ் பையன் ஒருவன் சொன்னான். அந்தப் பக்கமே போகாதே என்றேன்.

இன்னொரு சகா தன் மகளுக்குக் கேட்டார். தை மாசம் கல்யாணம், அதற்குள் பத்து கிலோ. குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே செமாக்ளுடைட்டை நிறுத்தியாக வேண்டும், டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இரண்டும் அவருக்குத் தெரியாது. கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் அளவு எடுப்பது மாதிரி கேட்டார். டாக்டரிடம் அனுப்பினேன், அவர் எழுதித்தரவில்லை. சகாவுக்கு என் மேல் கோபம்.

குறைகிற எடையில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தசையாக இருக்கலாம். கொழுப்பு மட்டும் கரைவதில்லை. டிசம்பரில் 86 கிலோவுக்கு வந்தபோது இடுப்பு 101, ஆனால் கோட்டைக்கு எதிரில் நடந்துவிட்டு வந்தால் மாடிப்படி ஏற முட்டி கெஞ்சியது. இரண்டு முட்டை, சுண்டல், வாரத்தில் மூன்று நாள் கனம் தூக்குவது என்று டாக்டர் பட்டியல் போட்டார். பசியே இல்லாதவன் இரண்டு முட்டை தின்பது இருக்கிறதே, அது தனிக் கொடுமை.

அப்புறம் பணம். இதை யாரும் முதலில் கேட்பதில்லை. டிர்செபடைட் வந்தபோது 5 மில்லிகிராம் ஒரு குப்பி 4,375 ரூபாய், மாதத்துக்கு நான்கு, ஆக 17,500. இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை. ஏலச்சீட்டு எடுத்துத்தான் ஏழு மாதம் ஓட்டினேன். 7.5-க்கு ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது 5-லேயே குறைகிறதே சார் என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் மருத்துவம், மீதி சீட்டுப் பணம். ஜனவரியில் மகளுக்கு காலேஜ் பீஸ். நிறுத்தினேன்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று படித்திருந்தேன். செமாக்ளுடைட் ஆய்வில் இருந்தவர்கள் நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். படிப்பது வேறு. மூன்றாவது வாரம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பஜ்ஜி வாசனை, ரேடியோ ஆன் ஆகிவிட்டது, அதே ஸ்டேஷன், அதே சத்தம். வீட்டுக்கு வந்து மூன்று தோசைக்குப் பிறகு நாலாவதைக் கேட்டபோது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான்டா எம்புள்ள மாதிரி இருக்க. அந்த ஊசி போட்டுக்கினு வேற யாரோ ஊட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருந்த."

இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. மார்ச்சில் திரும்ப ஆரம்பித்தேன், 2.5-லிருந்து, முதலிலிருந்து. இந்தியாவில் செமாக்ளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது, உள்ளூர்க் கம்பெனிகளும் அதைச் செய்ய வழி திறந்தது. அக்காவின் பில் இறங்கப்போகிறது. என்னையும் அதற்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவருடைய முதல் கேள்வி, "எத்தனை வருஷத்துக்குக் கட்ட முடியும்?" பத்து மாதம் பெரிய ஊசி போட்டு நிறுத்துவதைவிட, பத்து வருஷம் சின்ன ஊசி போட முடிந்தால் அதுவே மேல் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிரிவுக்காரன் எனக்கும் அப்படித்தான் படுகிறது. அடுத்த சர்க்கரை டெஸ்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம்.

இப்போது 85 கிலோ. அக்கா மொத்தமாக எட்டு குறைந்திருக்கிறாள். "நீதான் ஜெயிச்ச" என்கிறாள், அவள் நெஞ்சு வலி இல்லாமல் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வருவதைக் கணக்கில் சேர்க்காமல்.

பாயின் இரண்டாவது மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அதே மண்டபம், அதே மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை. முன்பு ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டிருந்த என் ஊசி இப்போது சனிக்கிழமை ராத்திரிக்கு மாறியிருக்கிறது, போட்ட இரண்டு நாள் வாய் எதையும் கேட்காது. டாக்டரிடம் போன் போட்டேன். இரண்டு ஊசிக்கு நடுவில் மூன்று நாளாவது இருந்தால் கிழமையை மாற்றலாம் என்றார். திங்கட்கிழமைக்குத் தள்ளியிருக்கிறேன். பாயிடம் இன்னும் சொல்லவில்லை.